கை தெரிகிற லென்ஸ்

என் மகளின் நிச்சயதார்த்த வீடியோ பென்டிரைவில் வந்த அன்று டி.வி.யை உடைக்காமல் விட்டேனே, அதுவே பெரிய காரியம்.

வீடியோ மோசம் என்று சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மேடை விளக்கெல்லாம் பின்னால் கரைந்து வட்டம் வட்டமாக மினுங்க, நடுவில் என் மகளின் முகம். கண் மை தெரிகிறது, ஜிமிக்கி ஆடுவது தெரிகிறது, நெற்றியோரம் அரும்பிய வியர்வைகூடத் தெரிகிறது. மோதிரம் போடுவதற்கு முன்னால் அவள் மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ பேசுகிறாள். புருவம் ஏறி இறங்குகிறது. அடுத்து மாப்பிள்ளையின் முகம். அவர் சிரித்துக்கொண்டே பலமாகத் தலையாட்டுகிறார். சுற்றி நின்ற சிநேகிதிகள் குதிக்கிறார்கள். அவள் என்ன சொன்னாள், அவர் எதற்குத் தலையாட்டினார் என்று வீடியோ பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. படம் அவள் கழுத்துச் சங்கிலியோடு முடிந்துவிட்டது. கை இல்லை.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் பேசுவது கையால். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். மாப்பிள்ளையும் அதே பள்ளிக்கூடம்தான், ஏரல் ஊர்க்காரர். அவர்களே பார்த்துப் பிடித்து, பிறகு எங்களிடம் சொன்னார்கள். அவள் கைப்பேச்சை இங்கே எழுதும்போது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்கும்.

நான் கரண்ட் ஆபீசில் பில் வாங்கும் கவுண்டரில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கண்ணாடி ஓட்டைக்குள் கத்திக் கத்தி எனக்குத் தொண்டையும் பெரிசு, கோபமும் பெரிசு. மகளும் அவள் கூட்டாளிகளும் ஆளுக்கொரு கைப்பெயர் வைத்துக்கொள்வார்கள். எனக்கு வைத்த பெயர், விரல்களைக் குவித்துக் கன்னத்துப் பக்கத்தில் பட்பட்டென்று விரிப்பது. கடுகு வெடிக்கிறதாம். நல்ல பெயர்தான் போங்கள்.

நிச்சயத்தன்று அவள் பேசியதை நானும் பார்க்கவில்லை. கடுகு அந்த நேரத்தில் பந்தியில் வெடித்துக்கொண்டிருந்தது. சாம்பார் ஏன் தண்ணியாக இருக்கிறது என்று சமையல்காரரோடு சண்டை. பிறகு கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். "சொன்னது சொன்னதுதான், திரும்ப வராது" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். சிநேகிதிகளைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சரி, வீடியோ வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வந்தது. பார்த்தாயிற்று.

மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிகிற வேகத்தில் கையசைத்தாள்.

"இதுல நான் பேசவே இல்லம்மா. கல்யாணத்துக்கு வீடியோ வேண்டாம்."

அவளுக்கு வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா ஒருத்தி இருக்கிறாள். தாயில்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். அவளுக்கும் காது கேட்காது. துபாயில் இருக்கிறாள், கல்யாணத் தேதிக்கு நிறைமாதம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கல்யாணத்தை அவள் பார்க்க வேண்டுமென்றால் வீடியோவில் பார்த்தால்தான் உண்டு. நிச்சய வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் அனுப்பிய பதிலை மகள் எனக்குக் காட்டினாள். "மூஞ்சியையே மாத்தி மாத்திக் காட்டுதாங்க. ரெண்டு பேரு பேச்சையும் பிடுங்கிட்டாங்க. கல்யாணத்தையும் நான் இப்படித்தான் பாக்கணுமா?" என்று கையசைத்துவிட்டு, அந்தப் பிள்ளைத்தாய்ச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

வீடியோக்காரத் தம்பியின் ஸ்டூடியோ மாடியில். முப்பது வயது இருக்கும், சிரித்த முகம். அந்தச் சிரிப்பே எனக்கு அன்று பிடிக்கவில்லை.

"அக்கா, வாங்க. வீடியோ எப்படி? எண்பத்தஞ்சு லென்ஸுக்கா. பின்னாடி எல்லாம் அப்படியே கரைஞ்சு போவும் பாத்தீங்களா? அந்த லென்ஸோட அழகே அதுதான்."

"பின்னாடி கரையட்டும். கை எங்க?"

"கையா?"

"அவ பேசுதது கையாலதானே? பேசுதவ வாயை வெட்டிட்டு நெத்திய மட்டும் படம் பிடிப்பியா நீ?"

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"எனக்குத் தோணவே இல்லக்கா. முகம்தான் முக்கியம்னு பழகிட்டேன். வேணும்னா கீழ எழுத்துப் போட்டுருவோமா?"

"என்னன்னு போடுவ? அவ சொன்னதுதான் உன் வீடியோல இல்லையே."

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபமாக வந்திருக்கிறோமே என்று அடக்கிக்கொண்டேன். டீ வாங்கித் தந்தான். கல்யாணத்துக்குக் கை தெரிகிற மாதிரி எடுத்துத் தருவது தன் பொறுப்பு என்றான். அதே லென்ஸை வைத்துப் பின்னால் தள்ளிப் போய் எடுக்கிறேன் என்று ஆரம்பித்து, அவனே நிறுத்திக்கொண்டான். பின்னால் போனால் நாற்காலி, நாற்காலியில் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்கள் கையில் செல்போன். ஒரு பெரியப்பா எழுந்து நின்றால் பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரும் காலி. கிட்டே நின்று, ஆனால் தலை முதல் இடுப்பு வரை முழுசாகப் பிடிக்கிற லென்ஸ் வேண்டும். வாடகைக்குக் கேமரா கொடுக்கிற கடையில் போய்ப் பார்ப்போம் என்றான்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தாமலே, "நீங்க ரெண்டு பேரும் பாத்து என்னத்துக்கு? அவளைக் கூட்டிட்டுப் போ" என்றார். மனுஷர் ஆண்டுக்கொரு தரம் பேசுவார், உருப்படியாகப் பேசிவிடுவார்.

மகள் உடனே இறங்கிவரவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள். கடையில் அவள் பேசுவதைப் படம் பிடித்துத் துபாய்க்கு அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டு அவள் மதினி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணத்துக்கு வீடியோ உண்டு. இல்லையென்றால் வீடியோக்காரர் சாப்பிட மட்டும் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் வீடியோத் தம்பியுமாகப் போனோம். சந்துக்குள் ஒரு மாடி, ஒரே ஒரு ட்யூப் லைட். கடைக்கார அண்ணாச்சி அலமாரியைத் திறந்தார், வாயையும் திறந்தார். இது நாலு கே, இது ஆறு கே, இது சினிமாவுக்கே போகிறது, இதில் எடுத்துக் கலர் மாற்றினால் வெளிநாடு மாதிரி வரும்.

"அண்ணாச்சி, கை தெரியுமா?" என்றேன்.

"எல்லாம் தெரியும்மா."

"எல்லாம் வேண்டாம். கை."

அவர் வீடியோத் தம்பியைப் பார்த்து, "என்னவே இது?" என்றார். தம்பி விஷயத்தைச் சொன்னான். அண்ணாச்சி அதன் பிறகு கே கணக்கை விட்டுவிட்டு, ஸ்டாண்டை எடுத்துப் போட்டார்.

முதலில் மிக அகலமான லென்ஸ் ஒன்று. கை தெரிந்தது. தெரிந்ததென்றால், அவள் கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் அது இட்லிப் பானை மூடி அளவுக்கு ஊதிப்போய், முகம் அதற்குப் பின்னால் எலுமிச்சம்பழமாகச் சுருங்கியது. மகள் சின்னத் திரையில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்தது ஐம்பது. அதில் முகம் அழகு. ஆனால் அவள் இரண்டு பக்கமும் கையை விரித்தால் முழங்கை வெளியே போய்விடுகிறது. கடைசியில் முப்பத்தைந்து நின்றது. தலைக்கு மேலே ஒரு சாண், கீழே இடுப்பு, இரண்டு பக்கமும் முழங்கை. ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல நானே திரையில் விரலை வைத்துப் பார்த்தேன்.

எடுத்துத் துபாய்க்கு அனுப்பினோம். பதில் வந்தது. மதினி உதட்டைப் பிதுக்கினாள். "பாதிதான் புரியுது. விரலெல்லாம் புகையா ஓடுது. கையில கணக்குச் சொன்னியே, அஞ்சா ஆறா?"

தம்பி தலையைச் சொறிந்தான். ஷட்டரை மெதுவாக வைத்திருக்கிறானாம். அப்போதுதான் அசைவு வழுவழுவென்று சினிமா மாதிரி இருக்குமாம். "கல்யாணத்துல யாருக்கா அவ்வளவு வேகமாக் கையாட்டுதா?" என்று கேட்டுவிட்டு, என் மகளைப் பார்த்து, "சரி, இவங்க ஆட்டுதாங்க" என்று தானே சொல்லிக்கொண்டான். அண்ணாச்சி ஷட்டரை ஒரேயடியாக ஏற்றினார். விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, நகப்பாலிஷ் உட்பட. ஆனால் பின்னால் சுவரில் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியது.

"என்ன தம்பி, சுவரு ஓடுது?"

"அது உங்க ஆபீஸ் வேலைக்கா. கரண்டு. நம்ம கண்ணுக்குத் தெரியாம ட்யூப் லைட்டு நொடிக்கு நூறு தடவை மினுங்குது. கேமரா அதைப் பிடிச்சுருது."

"எங்க ஆபீஸ எதுக்குல இழுக்க?"

"இழுக்கலக்கா. கரண்டு போற தாளத்துக்கே நாமளும் போயிருவோம். நூத்துல ஒரு பங்கு நொடி வச்சா ரெண்டுக்கும் சண்டை வராது" என்றான். வைத்தான். கோடு நின்றது, விரலும் தெளிவாகவே இருந்தது. என் ஆபீசுக்கும் சண்டை போடாமல் ஒத்துப்போக ஒரு வழி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அத்தோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை. அவள் கையை முன்னால் கொண்டுவரும்போது முகம் தெளிவாக இருந்தால் கை மங்கியது. லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கினால்தான் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெரியுமாம். சின்னதாக்கினால் இருட்டு. இருட்டைச் சரிசெய்யக் கேமராவைத் தூண்டினால், தம்பியின் பழைய கேமராவில் படம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோலப் புள்ளி. அண்ணாச்சி மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார். உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு இதில் பெரிசு, குறைந்த வெளிச்சத்திலும் திணறாது என்றார். அந்த ஒற்றை ட்யூப் லைட்டில் என் மகளின் கையும் முகமும் சேர்ந்து பளிச்சென்று வந்தன.

தம்பிக்கு மட்டும் மனசே இல்லை.

"அக்கா, இப்படி எடுத்தா பின்னாடி எல்லாம் அப்பட்டமாத் தெரியுமே. ஃபேனு, ஒயரு, ஆளு போறது வாறது எல்லாம் தெரியும்."

"தெரியட்டுமே. எல்லாரும் நம்ம ஆளுவதானே."

உன் எண்பத்தைந்தை நீ கையில் வைத்துக்கொண்டு முகம் எடு, சுற்றிச் சுற்றி வா, உன் ஆசைக்கு என்ன வேண்டுமானாலும் கரைத்துக்கொள்; ஆனால் இந்தக் கேமரா முப்பத்தைந்தோடு ஸ்டாண்டில் நிற்கும், தாலி கட்டிய பிறகும் அசையாது என்று ஒப்பந்தம் பண்ணிக்கொண்டோம்.

மகள் கடைசியாக ஒரு தரம் கேமரா முன் நின்றாள். இந்தத் தரம் எனக்காகப் பேசும் வேகமில்லை. அவள் கூட்டாளிகளோடு பேசும் வேகம். கை பறந்தது. எனக்கு அதில் பிடிபட்டது ஒன்றே ஒன்று, கன்னத்தருகே வெடித்த கடுகு. துபாயிலிருந்து வந்த பதிலில் மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். அதிலும் கடுகு வெடித்தது.

"என்னத்தச் சொன்ன?" என்று கேட்டேன்.

"கேமரா நல்லாருக்குன்னு சொன்னேன்" என்றாள், பைய, எனக்குப் புரிகிற வேகத்தில். கேமரா நல்லாருக்கு என்பதற்கு இத்தனை சிரிப்பா? ஆனால் வீடியோ உண்டு என்று முடிவாகிவிட்டது. எனக்கு அது போதும்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரான ஏரலில், ஆற்றுப் பக்கத்து மண்டபத்தில். ஸ்டாண்டுக்கு மணமேடை எதிரே இடம் போட்டு, ஒரு பெரியப்பாவும் மறைக்காதபடி சுற்றிலும் வாழைக்கன்றுத் தொட்டி வைத்தாயிற்று. தாலி கட்டியானதும் மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை அசைத்தார்கள். அவர்கள் கைதட்டல் அப்படித்தான். நாயனக்காரர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் எழுந்து ஸ்டாண்டுக் கேமராவுக்கு நேராக வந்தாள், மதினியோடு பேசுவதற்கு. அந்தச் சமயம் பார்த்து அலங்காரக்காரர் மேடையில் ஓடுகிற கலர் விளக்கைப் போட்டுவிட்டார். பச்சை, நீலம், சிவப்பு என்று மாறி மாறி அடிக்கிறது. இத்தனை பாடும் எதற்காகப் பட்டோம்! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஓரத்துக்கு ஓடினேன். "யாருய்யா லைட்டு போட்டது? அணைக்கியா இல்ல நானே ஒயரைப் பிடுங்கட்டுமா?" அவரோ, கலர் விளக்குக்கும் சேர்த்துத்தானே பணம் பேசியிருக்கிறது என்று நியாயம் பேசுகிறார். நான் விடவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பினால் மகள் பேசி முடித்திருந்தாள். இந்தத் தரமும் நான் பார்க்கவில்லை.

வருத்தம் இருந்தது. இருந்தாலும் ஸ்டாண்டு நின்றது, கேமரா ஓடியது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வீடியோ முதலில் துபாய்க்குத்தான் போனது. அதற்குள் அங்கே பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மதினி மறு கையால் மட்டும் பேசி அனுப்பியிருந்தாள். ஒரு கையானதால் பேச்சும் மெதுவாக இருந்தது, எனக்கே புரிந்தது. "எல்லாம் கேட்டுது. ஒண்ணு விடாமக் கேட்டுது." ஏந்தியிருந்த குழந்தை அந்தப் பேசுகிற கையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வந்த பிரதியை ஒரு லீவு நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து போட்டேன். மகள் பேசும் இடம் வந்தது. அதே பறக்கிற வேகம். நிறுத்தினேன். கொஞ்சம் ஓட்டி மறுபடி நிறுத்தினேன். புரியாத கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சைகைகள்தான் எல்லாம். வேகம்தான் என்னை இத்தனை வருஷம் வெளியே நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கோர்த்து வந்தேன்.

"மதினி, நீங்க இல்லாம மேடை வெறிச்சுன்னு இருக்கு. ஒங்க தம்பி அழுதாரு. இல்லன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க. என் கை தெரியுதா? இது ஒங்களுக்குத் தெரியணும்னுதான் கடுகு எல்லாரையும் வறுத்து எடுத்துட்டு. எங்க அம்மாகிட்ட நான் சின்னப் பிள்ளையிலேருந்து பையத்தான் பேசுதேன். வேகமாப் பேசினா அவளுக்குப் புரியாது. புரியலன்னா முகம் வாடிரும், அதைப் பாக்க எனக்கு ஏலாது. ஆனா எத்தனை தரம் திரும்பச் சொன்னாலும், போதும் நிறுத்துன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அங்கன பாருங்க, எனக்குப் பின்னாடி."

பின்னாடி பார்த்தேன். அவள் தோளுக்கு மேலே, மேடை ஓரத்தில், இலைப்பச்சைப் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி அலங்காரக்காரர் முகத்துக்கு நேராகக் கையை ஓங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தெளிவு. மூக்குத்திகூடத் தெரிந்தது. எண்பத்தைந்தாக இருந்திருந்தால் நான் ஒரு பச்சைக் கறையாகக் கரைந்திருப்பேன். முன்னால் மகள் கன்னத்தருகே விரல்களைக் குவித்து வெடிக்கவிட்டாள். அந்த நேரத்தில் பின்னால் கலர் விளக்கு அணைந்தது. நீலமாக இருந்த அவள் கை சட்டென்று அவள் நிறத்துக்கு வந்தது. நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். மாப்பிள்ளை ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை, இந்தக் காலத்தில் இப்படியொரு பிள்ளையா என்று நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன். டி.வி.யில் நான் கையை ஓங்கியபடி உறைந்து நிற்கும் இடத்தை நிறுத்திவைத்திருந்தேன். மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் பேச்சுக்குள் நான் எத்தனை தூரம் வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டாள்.

"இனிமே எனக்காகப் பையப் பேசாத" என்று கையசைத்தேன். "நீ பேசுத மாதிரியே பேசு. புரியலன்னா கேட்டுக்கிடுதேன்."

"முகம் வாடாதே?"

"வாடும். வாடினா வாடிட்டுப் போகுது. நீ பேசு. மொதல்ல, நிச்சயத்தன்னைக்கு என்ன சொன்ன? அதச் சொல்லு."

சிரித்தாள். சொன்னாள், அவள் வேகத்திலேயே. மோதிரம் என்பது மட்டும் பிடிபட்டது. கையை நீட்டி நிறுத்தி, இன்னொரு தரம் என்றேன். அதே வேகத்தில் சொன்னாள். ஞாயிறு பிடிபட்டது. மறுபடியும் என்றேன். அலுக்காமல் மறுபடியும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு எங்க அம்மா வீடு. சாகுத வரைக்கும் அப்படித்தான். சம்மதம்னா மோதிரத்தப் போடுங்க."

முறுக்கைக் கடித்துக்கொண்டு எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, வீடியோவில் ஆட்டிய அதே மாதிரி, சிரித்துக்கொண்டே பலமாகத் தலையாட்டினார்.